பின்வரிசைக்கு ஓர் ஆள்: நகரத்து ஏழைப் பள்ளிகளில் தன்னார்வலராகப் பாடம் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு

ஒரு பள்ளியில் வாரம் இரண்டு பாடவேளை, சம்பளம் இல்லாமல் பாடம் சொல்லித்தர எனக்கு அனுமதி கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் முழுக்க முழுக்க என் தவறால் போனது. யாரை முதலில் பார்ப்பது, எந்தச் சான்றிதழை எப்போது வாங்குவது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. எல்லாம் கூடி வந்து வகுப்புக்குள் கால் வைத்தபோது ஆண்டுத் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. "அடுத்த வருடம் வாருங்களேன்" என்றார் தலைமையாசிரியர், கொஞ்சம் சங்கடத்தோடு.

அடுத்த வருடம் போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். ஏழைக் குடியிருப்புகளை ஒட்டி, ஆசிரியர் பற்றாமல், ஒரே அறையில் இரண்டு வகுப்பு நடக்கும் பள்ளிகளுக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேவையின் பெருமையைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. தாள், பணம், நாள் ஆகிய மூன்றும்தான் பேச்சு, வகுப்பறையைப் பற்றிக் கொஞ்சம்.

1. முதலில் உங்கள் கிழமையைக் கணக்குப் பாருங்கள்

பள்ளியைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எத்தனை மாதம். மூன்றாவதற்கு ஒரு கல்வியாண்டுக்குக் குறைவான பதில் வந்தால் வகுப்பெடுக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு வேறு உதவி செய்யுங்கள். பூட்டிக்கிடக்கும் புத்தக அலமாரியை ஒழுங்குபடுத்தலாம், பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை நடக்க ஏற்பாடு செய்யலாம். இரண்டு மாதம் வந்துவிட்டுக் காணாமல் போகிறவர்களை இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். என் முதல் நாளில் ஒரு பையன் என் பெயரைக் கேட்கவில்லை. "நீங்கள் எத்தனை நாள் வருவீர்கள்?" என்றுதான் கேட்டான்.

வாரம் இரண்டு வகுப்பு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 வகுப்பு வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கையில் வந்தது 47. தேர்வு, விழா, மழை, ஆசிரியர்களுக்கான பயிற்சி, தேர்தலுக்காகப் பள்ளியை எடுத்துக்கொள்வது, எனக்கே வந்த காய்ச்சல் என்று மீதியெல்லாம் கரைந்தது. உங்கள் திட்டத்தை 45 வகுப்புக்குள் அடங்குமாறு போடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பள்ளி நடக்கும் நேரத்தில் உங்களுக்கு அலுவலகம் இருக்கும். மாலை நேரம் அல்லது சனிக்கிழமை என்றால் சாவி யாரிடம், கடைசிப் பிள்ளை வீடு போகும்வரை பள்ளியில் யார் இருப்பார் என்று முதலிலேயே கேளுங்கள். அதற்கு விடை இல்லாமல் தொடங்கிய மாலை வகுப்புகள் காவலாளி ஊருக்குப் போன வாரத்தோடு நின்றுவிடும்.

2. பள்ளியைத் தேடுவது

வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ 40 நிமிடத்துக்குள் போய்ச்சேரும் பள்ளியாகப் பாருங்கள். மிகவும் கஷ்டத்தில் இருக்கும் பள்ளியைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று நகரின் மறுகோடிக்குப் போகிறவர்களைப் பாராட்டலாம், ஆனால் நம்ப முடியாது. இரண்டு பஸ் மாறிப் போகும் உற்சாகம் மூன்றாம் மாதம்வரைதான்.

நேரடியாகப் பள்ளியை அணுகலாம், அல்லது ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தில் சேரலாம். புதியவர்களுக்கு இரண்டாவதுதான் நல்லது என்பேன். அனுமதி அவர்களிடம் இருக்கும், சின்னதாகவேனும் பயிற்சி தருவார்கள், நீங்கள் வராத நாளில் வேறொருவர் போவார். ஆனால் நேரமும் பாடமும் அவர்கள் சொல்கிறபடிதான். பாடம் சொல்லித்தரும் வாய்ப்புக்காக உங்களிடம் பெரிய தொகை கேட்கும் நிறுவனமாக இருந்தால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

டீச் ஃபார் இந்தியா, டீச் ஃபார் அமெரிக்கா போன்ற அமைப்புகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை இரண்டு ஆண்டு முழுநேரப் பணி. தேர்வும் நேர்காணலும் உண்டு, ஊதியமும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவருக்கு அது வேறு பாதை.

வெளிநாட்டில் போய்ச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சம்பளம் வாங்கவில்லை என்பதால் சுற்றுலா விசா போதும் என்று நினைக்காதீர்கள். பல நாடுகள் சம்பளமில்லாத பணியையும் பணியாகவே எடுத்துக்கொள்ளும். பிரிட்டனின் பார்வையாளர் விசாவில் பதிவுபெற்ற தொண்டு அமைப்புக்கு 30 நாள் வரைதான் தன்னார்வப் பணி செய்யலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத்தின் விதியைப் படியுங்கள்.

3. அனுமதி: கீழே தொடங்கி மேலே போங்கள்

நான் விழுந்த முதல் குழி இதுதான். தலைமையாசிரியரைப் பார்த்தேன். "தாராளமாக வாருங்கள்" என்றார். அடுத்த வாரமே தொடங்கிவிட்டேன். மூன்றாவது வாரம் மேலதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். வகுப்பில் யார் இது என்றார். என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. நான் வெளியே வந்தேன், தலைமையாசிரியர் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு என் மேல் கோபம் வந்திருந்தால் அது முற்றிலும் நியாயம்.

அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் பள்ளியில் தலைமையாசிரியர் வரவேற்கலாம். அனுமதி என்பது பெரும்பாலும் அவருக்கு மேலே இருக்கும் அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும். அதற்காக நேரே மேலே போய்விடவும் கூடாது. பள்ளிக்குத் தெரியாமல் மேலிருந்து உத்தரவு வாங்கி வருகிறவரை வேவு பார்க்க வந்தவராகத்தான் ஆசிரியர்கள் பார்ப்பார்கள். எனவே முதலில் தலைமையாசிரியரிடம் நேரில் பேசுங்கள். அடுத்து ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, அதில் அவருடைய பரிந்துரையையும் கையெழுத்தையும் வாங்குங்கள். பிறகு அதை மேல் அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை பெறுங்கள். முத்திரை இல்லாத கடிதத்தை நீங்கள் கொடுக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? என் முதல் கடிதத்தில் "மாணவர்களின் கல்வித் தரத்தை உயர்த்தும் பொருட்டு" என்று ஆரம்பித்திருந்தேன். அதைப் படித்த அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியானால் இப்போது தரம் தாழ்ந்திருக்கிறது என்கிறீர்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கோப்பு ஐந்து வாரம் அதே மேசையில் கிடந்தது.

இரண்டாவது கடிதம் இப்படி இருந்தது: நான்காம் வகுப்பில் வாசிக்கச் சிரமப்படும் எட்டு மாணவர்களுக்கு, வகுப்பாசிரியரின் வழிகாட்டுதலின்படி, செவ்வாயும் வியாழனும் ஒவ்வொரு பாடவேளை வாசிப்புப் பயிற்சி அளிக்க அனுமதி வேண்டுகிறேன். கூடவே தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, ஊதியம் எதிர்பார்க்கவில்லை என்ற ஒரு வரி, பிள்ளைகளைப் படம் எடுக்க மாட்டேன் என்ற ஒரு வரி, என்னைப் பற்றி விசாரிக்க இரண்டு பேரின் விவரம். பத்து நாளில் கையெழுத்தாகி வந்தது. கேட்பது சின்னதாகவும் தெளிவாகவும் இருந்தால் சம்மதிப்பதில் யாருக்கும் ஆபத்து இல்லை.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். பள்ளி திறக்கும் முதல் இரண்டு வாரம் சேர்க்கை, புத்தக வினியோகம் என்று தலைமையாசிரியருக்கு நிமிர நேரம் இருக்காது. தேர்வு வாரங்களிலும் போகாதீர்கள். கல்வியாண்டு தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே பேச்சைத் தொடங்கிவிட்டால், பள்ளி திறந்த மூன்றாவது வாரம் வகுப்புக்குள் இருக்கலாம். கடிதம் கொடுத்தபின் வாரம் ஒருமுறை, அதே கிழமையில் போய் விசாரியுங்கள். தொலைபேசியில் விசாரிக்கும் கோப்பு நகராது.

4. ஆவணங்கள்

அடையாள அட்டை, முகவரிச் சான்று, கடைசியாகப் படித்த படிப்பின் சான்றிதழ், ஒரு பக்க சுயவிவரம், பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நான்கு, உங்களை அறிந்த இருவரின் கடிதம், காவல்துறை நன்னடத்தைச் சான்று. சில இடங்களில் மருத்துவச் சான்றும் கேட்பார்கள், காசநோய் இல்லை என்ற பரிசோதனை முடிவு உட்பட. ஆசிரியர் பயிற்சிப் பட்டம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வகுப்பாசிரியருக்குத் துணையாகப் போகிறவரிடம் அதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

எல்லாவற்றிலும் மூன்று நகல் வைத்திருங்கள். பள்ளிக்கு ஒன்று, மேல் அலுவலகத்துக்கு ஒன்று, தொலைந்துவிட்டது என்று சொல்லும்போது கொடுக்க ஒன்று. அடையாள அட்டை நகலின் குறுக்கே, இன்ன பள்ளியில் தன்னார்வப் பணிக்கு மட்டும் என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள்.

காவல்துறைச் சான்றில்தான் பலருக்கும் பணமும் நாளும் வீணாகிறது. நான் மிகவும் சாமர்த்தியமாக அதைத்தான் முதலில் வாங்கினேன். அனுமதி வருவதற்குள் அது பழையதாகிவிட்டது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு. தலைமையாசிரியர் பரிந்துரையில் கையெழுத்திட்ட அன்று விண்ணப்பியுங்கள், அதற்கு முன் வேண்டாம். எத்தனை மாதத்துக்குள் வாங்கிய சான்று செல்லும் என்று கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

நாட்டுக்கு நாடு இது மாறும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு டிபிஎஸ் சரிபார்ப்பு என்று பெயர். தன்னார்வலருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பிள்ளைகளோடு பணிசெய்யத் தேவையான உயர்நிலைச் சரிபார்ப்புக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, பள்ளியோ அமைப்போதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சௌத் வேல்ஸ் மாநிலங்களில் குழந்தைகளோடு பணியாற்றுவோருக்கான சரிபார்ப்பு தன்னார்வலருக்கு இலவசம், ஐந்து ஆண்டு செல்லும். ஆனால் அந்த இலவசச் சான்றை வைத்துக்கொண்டு சம்பள வேலைக்குப் போக முடியாது. இந்தியாவில் இருப்பவர்கள் மாநிலக் காவல்துறையிடம் விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட் அலுவலகம் தருவது வெளிநாடு போகிறவர்களுக்கான சான்று. இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

பள்ளி இதைக் கேட்கவே இல்லை என்றால்? நீங்களே வாங்கிக் கொடுங்கள். உங்களிடம் கேட்காதவர்கள் உங்களுக்குப் பின் வருகிறவரிடமும் கேட்க மாட்டார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

5. வகுப்பாசிரியர்

அனுமதிக் கடிதத்தில் எத்தனை முத்திரை இருந்தாலும் உங்கள் ஆண்டு நன்றாகப் போவதும் நாசமாவதும் வகுப்பாசிரியர் கையில்தான். அவருக்கு ஐம்பது பிள்ளைகள், நான்கு பதிவேடுகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம். இதற்கு நடுவில் படித்த, வசதியான ஓர் ஆள் வந்து பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு என்ன தோன்றும் என்று யோசியுங்கள்.

முதல் நாள் ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்: "எந்தப் பிள்ளைகளை நான் அழைத்துக்கொண்டு போனால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" பெரும்பாலும் வகுப்பில் அதிகத் தொல்லை தரும் எட்டுப் பேரை உங்களிடம் தள்ளிவிடுவார். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தொல்லை தரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கரும்பலகையில் இருப்பதைப் படிக்கத் தெரியாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள். வேறு என்னதான் செய்வார்கள்?

அவர் பலகையில் பிழையாக எழுதினால் பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள். அவருடைய நாற்காலியில் உட்காராதீர்கள். மாதம் ஒருமுறை, ஐந்து நிமிடம், ஒவ்வொரு பிள்ளையும் எங்கே இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு குழி இங்கேயும் உண்டு. "ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் இன்று வரவில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். ஒரு நாள் சரி. இரண்டாம் நாளும் பொறுத்துக்கொள்ளலாம். அதுவே வழக்கமாகிவிட்டால் நீங்கள் சம்பளமில்லாத மாற்று ஆசிரியர் ஆகிவிடுவீர்கள். உங்கள் எட்டுப் பேரும் பழையபடி பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். 45 பிள்ளைகளுக்குத் தனியாகப் பொறுப்பேற்ற நேரத்தில் ஒருவன் படியிலிருந்து விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் உடன் இருந்தால்தான் செய்வேன் என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள்.

6. முதல் இரண்டு வாரம் பாடம் எடுக்காதீர்கள்

அளந்து பாருங்கள். என் குழுவில் ஒரு பையன் தமிழ்ப் பாடத்தைக் கணீரென்று, தடங்கலில்லாமல் வாசித்தான். இவனை ஏன் என்னிடம் அனுப்பினார்கள் என்று வியந்தேன். பிறகுதான் கவனித்தேன்: அவன் விரல் மூன்றாவது வரியில் நின்றுகொண்டிருந்தது, வாய் ஏழாவது வரியில் இருந்தது. பாடம் முழுவதும் மனப்பாடம். ஒரு வெள்ளைத்தாளில் சொல் ஒன்று மட்டும் தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டி, அதே பக்கத்தின் மேல் வைத்து, தெரிந்த சொல்லைப் படிக்கச் சொன்னேன். அவன் கூரையைப் பார்த்தான். அந்தப் பாடத்தில் அந்தச் சொல் ஆறு முறை வருகிறது.

உலக வங்கியும் யுனெஸ்கோவும் மற்ற அமைப்புகளும் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஏழை மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகள் 10 பேரில் ஏழு பேருக்கு எளிய பத்தி ஒன்றைப் படித்துப் புரிந்துகொள்ள இயலவில்லை. உங்கள் குழுவிலும் இதே நிலையை எதிர்பார்த்தே போங்கள்.

அளப்பதற்குப் பெரிய வினாத்தாள் வேண்டாம். இந்தியக் கிராமப்புறங்களில் 2005 முதல் நடந்துவரும் அசர் என்ற கற்றல் நிலை ஆய்வில் பயன்படுத்தும் முறையே போதும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவிலான சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று நான்கு படியில் எது வரை போகிறது என்று பாருங்கள். கணக்கில் ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கும் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை திணறியதும் நிறுத்திவிடுங்கள், "இது நன்றாக வந்தது" என்று சொல்லி அனுப்புங்கள். மற்றப் பிள்ளைகள் காதுபட வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த வயதில் மானம் பெரிது.

7. பாடம்

வகுப்பை மறந்துவிட்டுப் படியைப் பாருங்கள். எழுத்தில் நிற்பவர்கள் ஒரு பக்கம், சொல்லில் நிற்பவர்கள் ஒரு பக்கம். நான்காம் வகுப்புப் பாடப்புத்தகத்தை இவர்களிடம் நீட்டுவது முதல் படியே ஏறாதவரை மாடியிலிருந்து கூப்பிடுவது போல.

இதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் பிரதம் என்ற தொண்டு நிறுவனம் மும்பையிலும் வதோதராவிலும் பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்களை அமர்த்தியது. பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பிலிருந்து தனியே அழைத்துப்போய் அடிப்படையைச் சொல்லித்தருவது அவர்கள் வேலை. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழுவினர் அளந்து பார்த்தபோது, அப்படி உதவி கிடைத்த பள்ளிகளில் மதிப்பெண் கணிசமாக ஏறியிருந்தது. அதிகம் ஏறியது மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குத்தான். அந்தப் பெண்களிடம் பெரிய பட்டம் எதுவும் இல்லை. ஆனால் தினமும் வந்தார்கள், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கினார்கள். நீங்கள் வாரம் இரண்டு நாள்தான் போகிறீர்கள் என்பதால் எட்டுப் பேருக்கு மேல் எடுக்காதீர்கள்.

45 நிமிடத்தை நான் இப்படிப் பிரிக்கிறேன்: ஐந்து நிமிடம் பேச்சு, பதினைந்து நிமிடம் சேர்ந்து வாசிப்பது, பதினைந்து நிமிடம் கணக்கு, கடைசிப் பத்து நிமிடம் நான் கதை படிக்க அவர்கள் கேட்பது. கதையை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை உங்களைக் கண்டதும் அவர்கள் எழுந்து வருவது அதற்காகத்தான்.

கணக்கில் ஒரு காட்சி. 42-இல் 17 போனால் எவ்வளவு என்று எழுதிப்போட்டேன். எட்டில் ஐந்து பேர் 35 என்று எழுதினார்கள். கவனக்குறைவு என்று நினைத்து மறுபடி விளக்கினேன், மறுபடி 35. ஏன் என்று கேட்டதற்கு ஒரு சிறுமி சொன்னாள்: "பெரியதிலிருந்துதானே சின்னதைக் கழிக்க வேண்டும்? ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து. நான்கிலிருந்து ஒன்று போனால் மூன்று." அவள் தனக்குச் சொல்லித்தந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள். மறுநாள் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பாண்டு போட்டு நான்கு கட்டும், உதிரியாக இரண்டும் அவள் முன் வைத்து, எனக்குப் பதினேழு கொடு என்றேன். ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு உதிரியையும் கொடுத்தாள். இன்னும் ஐந்து வேண்டுமே என்று என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அனுமதி கேட்பதுபோல் மெதுவாக, இன்னொரு கட்டின் ரப்பர் பாண்டைக் கழற்றினாள். அதற்குப் பிறகுதான் பலகையில் கடன் வாங்குவதை எழுதிக் காட்டினேன். அந்த வாரம் வேறு எதுவும் நடத்தவில்லை.

நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் பிழைப்புக்காக வேறிடத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய இருக்கும். வீட்டு மொழி ஒன்று, பள்ளி மொழி வேறு. பதில் தெரிந்தும் சொல்லத் தெரியாமல் நிற்கும் பிள்ளையை மந்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதன் மொழியில் எண்ணச் சொல்லுங்கள். விடை சரியா என்று பார்க்க உங்களுக்கு விரல்கள் போதும்.

8. செலவு

எதிர்பாராத இடத்தில்தான் பணம் போகும். ஓர் ஆண்டு முடிவில் என் கணக்கைப் பார்த்தபோது பாதிக்கு மேல் பயணச் செலவு. அடுத்தது நகல் எடுத்த செலவு. புத்தகமும் குச்சியும் சேர்ந்து மூன்றாவது இடத்தில்தான் இருந்தன. இரண்டாம் ஆண்டு பயிற்சித் தாள் நகல் எடுப்பதை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு சிலேட்டு வாங்கினேன். ஒரு முறை செலவு, ஆண்டு முழுக்க எழுதி அழிக்கலாம். தப்பாக எழுதினால் அடையாளம் இல்லாமல் போய்விடுவதால் பிள்ளைகள் துணிந்து எழுதுகிறார்கள். இது நான் எதிர்பார்க்காத லாபம்.

சாக்பீஸ், டஸ்டர், கதைப் புத்தகம் பத்து, குச்சி, ரப்பர் பாண்டு, ஆளுக்கொரு நோட்டு, பென்சில்கள். பென்சிலைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள், வகுப்பு முடிந்ததும் திரும்ப வாங்கி டப்பாவில் வையுங்கள். மாதச் செலவுக்கு ஓர் எல்லை வைத்து அதைத் தாண்டாதீர்கள். பள்ளிக்கு மின்விசிறி வாங்கித் தரலாமா, கழிப்பறைக் கதவை மாற்றலாமா என்று ஆசை வரும். முதல் ஆண்டு வேண்டாம். பணம் தருகிறவர் என்று பெயர் விழுந்துவிட்டால் பிறகு உங்களிடம் பாடத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

எட்டுப் பேருக்கு மட்டும் பரிசும் தின்பண்டமும் கொடுத்தால் மீதி நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கொடுத்தால் வகுப்புக்கே கொடுங்கள், வகுப்பாசிரியர் கையால்.

9. ஒழுங்கு

கை ஓங்காதீர்கள். மற்றவர்கள் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். இந்தியாவில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. வேறு பல நாடுகளிலும் இதே நிலைதான். சத்தம் போடுவதும் பயன்படாது, ஏனென்றால் பக்கத்து வகுப்பின் சத்தம் எப்போதும் உங்களுடையதைவிடப் பெரிது. நான் குரலைத் தாழ்த்திப் பேசுவேன். உட்காரும் இடத்தை வட்டமாக்கிவிட்டால் பின்வரிசை என்ற ஒன்றே இருக்காது. தொல்லை தருபவனிடம் டப்பாவின் பொறுப்பைக் கொடுங்கள்.

10. பிள்ளைகளின் பாதுகாப்பு, உங்கள் பாதுகாப்பு

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கதவைத் திறந்து வையுங்கள். ஒரு பிள்ளையோடு மட்டும் தனி அறையில் இருக்காதீர்கள். உங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வீட்டுக்கு அழைக்காதீர்கள், உங்கள் தொலைபேசி எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடவே போடாதீர்கள். கிழிந்த சட்டையோடு நிற்கும் அந்தப் பிள்ளைக்குப் பத்து வருடம் கழித்து அந்தப் படம் கண்ணில் படும்.

ஒருநாள் ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொல்லும். வீட்டில் அடிப்பதாக இருக்கலாம், அதைவிட மோசமானதாகவும் இருக்கலாம். குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கைக் காப்பாற்ற உங்களால் முடியாது. பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே தேதியோடு எழுதிவைத்து, அன்றே பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். பிரிட்டனில் ஒவ்வொரு பள்ளியிலும் இதற்கென்று ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார். இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தன்னார்வலருக்கு விலக்கு இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள். உங்கள் இடத்தில் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் வகுப்புக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நடந்த பிறகு தேடாதீர்கள்.

11. வர முடியாத நாளும், விலகும் நாளும்

வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லச் சொல்லுங்கள். ஆண்டு முடிவில் விலகுவதென்றால் ஒரு மாதம் முன்பு தலைமையாசிரியரிடமும், மூன்று வகுப்பு முன்பு பிள்ளைகளிடமும் தெரிவியுங்கள். அடுத்த வருடமும் வருவேன் என்று நிச்சயமில்லாமல் சொல்லாதீர்கள்.

போவதற்கு முன், தொடக்கத்தில் அளந்த அதே நான்கு படிகளை மறுபடி அளந்துவிடுங்கள். என் முதல் முழு ஆண்டில் எட்டில் ஐந்து பேர் பத்தியைப் படிக்கும் நிலைக்கு வந்தார்கள், இருவர் ஒரு படி மட்டும் ஏறினார்கள், ஒருவர் நடுவில் வீடு மாறிப் போய்விட்டார். ஆளுக்கொரு பக்கமாக ஒரு நோட்டில் இதை எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்: எங்கே தொடங்கியது, எங்கே நிற்கிறது, எந்தக் கதை பிடிக்கும், எந்த எழுத்தில் தடுமாறும். உங்களுக்குப் பின் வருகிறவர் அதைத்தான் முதலில் திறப்பார். கடைசிப் பக்கத்தில் சிலேட்டு வைத்திருக்கும் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் எழுதிவிடுங்கள். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆனது.